தம்பின் வழியாக லண்டன்

மலாக்காவில் வெள்ளைக்காரத் துரை ஒருவரைக் கொளுத்தும் வெயிலில் நடுரோட்டில் நிற்கவைத்துவிட்டுப் போன ஒரே தமிழர் ஜாலான் மாமாதான். சுதந்திரம் வந்த பிறகு அந்த மாதிரி வீரம் எல்லாருக்கும் வந்தது. மாமா அதற்கு முன்னாலேயே செய்துவிட்டார். துரை தொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பதறுகிறார்கள். மாமா நிதானமாக, டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியால் பஸ் கம்பியில் டிங் டிங் என்று இரண்டு தட்டுத் தட்டி, "ஜாலான்!" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "டைம்னா டைம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து வந்துவிட்டாராம்.

ஜாலான் என்றால் மலாயில் கிளம்பு, போ என்று அர்த்தம். மலாக்காவுக்கும் தம்பினுக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் அவர் கண்டக்டர். பகல் முழுக்க அந்த ஒரு வார்த்தையைக் கத்திக் கத்தி, பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ வழியில் இறங்கிப் போய்விட்டது. துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டபோது, பின்னால் நின்றவர்கள்தான் "ஜாலான்னே சொல்லுங்க சாமி, பிள்ளையாருக்குத் தெரியும்" என்றார்கள். மாமாவும் மறுக்கவில்லை.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீடு. வேலை முடிந்து வந்தாலும் மனிதர் பஸ்ஸைவிட்டு இறங்க மாட்டார். கல்யாணப் பந்தியில் வாசலை அடைத்து நிற்பவர்களைப் பார்த்தால் "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் இருக்கு" என்பார். யார் வீட்டிலாவது கதை பேசிக்கொண்டிருந்துவிட்டு எழும்போது கதவில் தன்னையறியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். இரண்டு தட்டினால் கிளம்பு, ஒன்று தட்டினால் நில். அதுதான் அவருக்குத் தெரிந்த வேதம்.

அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அந்தப் பஸ்தான் காரணம். பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண் காப்பித் தட்டோடு அறையிலிருந்து வருகிறாள். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போயே போய்விட்டார். அந்தப் பெண்ணின் அப்பா கடைசிவரைக்கும் அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை, எங்கு போனாலும் சைக்கிள்தான்.

இந்த மனிதர்தான் என் மகளுக்கு ஆகாயக் கப்பலில் என்ன ஊட்டுவது என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர். அவர் ஆயுசில் ஆகாயக் கப்பலின் படியைக்கூட மிதித்ததில்லை. பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் இறங்கும் சின்ன விமானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அதற்கென்ன? வாய்ச்சவடாலுக்கு டிக்கெட் வாங்க வேண்டாமே.

விஷயம் இதுதான். என் கணவர் பத்து பெரெண்டாம் விமானத் திடலில் ரேடியோ வேலை பார்த்தார். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், ஆன கையோடு இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம். கொஞ்ச நாளில் நானும் வரலாம் என்று ஏற்பாடாயிற்று. இலாகா தயவில் கப்பலுக்குப் பதில் விமானம். எனக்கு ஒரு சீட், மடியில் குழந்தை. சிங்கப்பூரில் ஏறினால் பாங்காக், கல்கத்தா, கராச்சி என்று இறங்கி ஏறி இறங்கி ஏறி, இரண்டு ராத்திரி கழித்து லண்டன்.

என் மகள் செல்விக்கு அப்போது ஒன்றரை வயது. ஊரில் மற்றக் குழந்தைகள் வாயைத் திறந்து சாப்பிடும். இவள் வாயைத் திறப்பது அழ மட்டும்தான். ஒரு கிண்ணம் சோறு ஊட்டி முடிப்பதற்குள் எனக்கு நெஞ்சு வற்றிப் போகும். பாதி என் சேலையில், மீதி சுவரில். விலாவெலும்பு தெரியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாலே ஆளாளுக்கு ஒரு புத்திமதி.

எங்கள் வீட்டில் சட்டம் போடுவது என் கணவரின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவருக்குக் குழந்தை கிடையாது. செல்வி பிறந்ததிலிருந்து அவர் மடிதான் அவளுக்குத் தொட்டில். டிக்கெட் வந்த அன்று அக்கா பருப்பு ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நீ மட்டும் போ. புள்ள இங்க இருக்கட்டும். தரையிலயே திங்காத புள்ள, ஆகாயத்துல திங்குமா? ரெண்டு வருஷந்தான."

கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் அந்தக் காலத்தில் வாய் திறக்காத மருமகள் என்று பெயர் வாங்கியவள். அன்று அந்தப் பெயர் போயிற்று. பிள்ளையை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக மாட்டேன், பிள்ளை வந்தால் நான் ஏறுவேன், இல்லையென்றால் டிக்கெட்டை அடுப்பில் போடுவேன் என்று கத்தினேன். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். கிளம்புவதற்கு முதல் நாள் செல்வி அவர் கண்ணெதிரே ஒரு வேளை சோறு முழுதாகத் தின்ன வேண்டும். தின்றால் என்னோடு வரும். இல்லையென்றால் அவரோடு இருக்கும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சரி என்றேன்.

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒற்றைப் பலகைச் சுவர். நான் கத்தியது அவர் தட்டில் போய் விழுந்திருக்கிறது. எச்சில் கையோடு வந்து நின்றார்.

"புள்ள தாயோட போவும். நான் ஏத்திவிடுறேன். என் வண்டியில ஏறுன எந்தப் புள்ளையும் பசியோட எறங்குனதில்ல."

இது பச்சைப் பொய். அவர் வண்டியில் ஏறிய குழந்தைகள் பாதி வாந்தியோடுதான் இறங்கும். ஆனால் எனக்கு அன்று பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவரை விட்டால் வேறு யாரும் வரவில்லை.

மாமாவின் திட்டத்துக்கு அடிப்படை ஒரு பெரிய தத்துவம். வண்டி நிற்கும்போது குழந்தை வாயை இறுக்கிக்கொள்ளும். வண்டி கிளம்பும் குலுக்கலில் வாய் தானாகத் திறக்கும். அந்தக் கணத்தில் ஸ்பூன் உள்ளே போய்விட வேண்டும். இதைத்தான் அவர் வருஷக்கணக்காகப் பஸ்ஸில் கண்டுபிடித்து வைத்திருந்தாராம். ஆகவே ஒத்திகை வீட்டில் இல்லை, பஸ்ஸில்.

நாள் தவறாமல் நானும் செல்வியும் சோற்றுக் கிண்ணமும் தம்பின் பஸ்ஸில் ஏறினோம். விமானம் போகும் வழியை மாமா அப்படியே ரோட்டில் இறக்கிவிட்டார். சேங் வந்தால் பாங்காக். அலோர் காஜா கல்கத்தா. புலாவ் செபாங் கராச்சி. தம்பின்தான் லண்டன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பியில் தட்டி "கல்கத்தா! கல்கத்தா எறங்கு!" என்று சத்தமாகவே அறிவிப்பார். முதலில் ஜனங்கள் முழித்தார்கள். பிறகு பழகிவிட்டது. ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் சில்லறையை நீட்டி "கராச்சிக்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாத்துக் கூடையோடு ஏறும் சீனக் கிழவர் ஒருவர், மாமா மறந்துபோய் அலோர் காஜா என்று கூப்பிட்டால் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார்.

முதல் சில நாள் செல்வி துப்பினாள். முன் சீட்டில் இருந்தவர்களின் முதுகுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. அப்புறம் ஒரு நாள், சேங் தாண்டி ஒரு நிறுத்தத்தில், மாமா டிங் டிங் என்று தட்டி "ஜாலான்!" என்றார். பஸ் ஒரு துள்ளுத் துள்ளியது. செல்வி ஆவென்று வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். விழுங்கினாள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் திறந்தாள். நல்லவேளையாக நம் ஊர்ப் பஸ் நாலு வீட்டுக்கு ஒரு தரம் நிற்கும். தம்பின் போய்ச் சேருவதற்குள் கிண்ணம் காலி.

குழந்தை நல ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, விமானத்தில் டின்னில் அடைத்த மசியல் உணவைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி இரண்டு டின்னும் கொடுத்திருந்தார். அதைக் கேட்டதும் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் கொடிய எறக்கிட்டுப் போயிட்டான், கரண்டிய மட்டும் விட்டுட்டுப் போறானா?" என்றார். பஸ்ஸிலேயே ஒரு டின்னைத் திறந்து நக்கிப் பார்த்துவிட்டு, உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, சுவருக்குப் பூசுகிற பசை என்று ஜன்னல் வழியாகத் துப்பினார். சாட்சிக்கு டிரைவர் பாக் மாட்டிடம் ஒரு வாய் கொடுத்தார். பாக் மாட் வழித்து வழித்து முழு டின்னையும் தின்றுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். மாமா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து என்னென்ன கொண்டு போவது என்று முடிவு செய்தோம். சீக்கிரம் கெடுவது முதலில், கெடாதது கடைசியில். பாங்காக் வரைக்கும் இடியாப்பமும் சீனியும். தேங்காய்ப் பாலுக்குத் தடா, புளித்துவிடும். அதற்குப் பிறகு கெத்துப்பாட். தென்னங்கீற்றுப் பின்னலுக்குள் அரிசியை வைத்து மணிக்கணக்கில் வேகவைத்து, கட்டியாக இறுகிப் போகும் சோறு. அதைச் சுடுதண்ணீரில் மசித்து நெய்யும் உப்பும் போட்டால் குழந்தைக்குப் போதும். இதற்கு, மலாய் பேசும் பழைய தமிழர்கள் குடியிருக்கும் செட்டி கம்போங்கில், மாச்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு அம்மாவைப் பிடித்தோம். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங், பேச்சு முழுக்க மலாய். இரண்டு நாள் தாங்குமா என்று மாமா அதட்டலாகக் கேட்டதற்கு, "காற்றில் தொங்கவிடு, தா பாசி" என்று மலாயில் பதில் வந்தது. கெட்டுப்போகாதாம். காற்றில் தொங்கவிட வேண்டும் என்பதை மாமா எனக்குப் பாடம் மாதிரி ஒப்பிக்கச் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா குறித்த நாளும் வந்தது. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, செல்வியை உட்காரவைத்து, கிண்ணத்தோடு நான் முன்னால். அக்கா எதிரே சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு. ஒரு வாய் எடுத்து நீட்டினேன். செல்வி வாயை இறுக்கிக்கொண்டாள். கொஞ்சினேன். மிரட்டினேன். காக்காயைக் காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. நாங்கள் குழந்தைக்குச் சோறு தின்னச் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் கிளம்பினால் சோறு தின்னச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கூடம் எங்கே கிளம்பும்? என் கையிலிருந்த சோறு ஆறிப்போயிற்று. அக்கா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

வாசலில் டிங் டிங் என்று சத்தம். மாமா வேலைக்குப் போகிற காக்கி உடுப்போடு நிலைப்படியில் நின்று, கதவுத் தாழ்ப்பாளில் இடுக்கியால் தட்டிக்கொண்டிருந்தார். "ஜாலான்!" என்று தெருவே அதிரக் கத்தினார். செல்வியின் வாய் திறந்தது. நான் ஊட்டினேன். மறுபடி டிங் டிங். மறுபடி திறந்தது. கிண்ணத்தின் அடி தெரியும்வரை மாமா தட்டினார், கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்து நின்றுவிட்டார்கள்.

அக்கா எழுந்தார். "இவரு இங்க மணியடிக்கிறாரு. ஆகாயத்துல யாரு அடிப்பா?"

"நான் அடிப்பேன்" என்றேன்.

அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். மாமா "டைமாச்சு" என்று ஓடிவிட்டார். அன்று சாயங்காலம் அடுப்பிலிருந்து வறுத்த அரிசி மாவு வாசனை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்கா ஒரு டப்பாவில் மாவையும் சீனியையும் கலந்து அடைத்துக் கொடுத்தார். "லண்டன் கிட்ட போறப்ப கரைச்சுக் குடு. மத்தது எல்லாம் தீந்துரும்" என்றார். அவர் அழுதது எனக்காக இல்லை என்று தெரியும். ஆனாலும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

மறுநாள் சிங்கப்பூர் ரயிலைப் பிடிக்க மாமாவின் பஸ்ஸிலேயே தம்பின் போனோம். அக்காவும் வந்தார். மாமா அன்று "லண்டன்! லண்டன் எறங்கு!" என்று மட்டும் கூப்பிட்டார். மூட்டையை இறக்கி வைத்தார். செல்வி அவரிடம் தாவினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் திரும்பிப் போக வேண்டிய நேரம். இடுக்கியால் கம்பியில் தட்டினார், "ஜாலான்" என்றார், போய்விட்டார். எங்கள் ரயில் வரும்வரைகூட நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. செல்வி தூசியைப் பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா "கல்நெஞ்சன்" என்றார். ஒரு விஷயத்தில் நானும் அக்காவும் ஒத்துப்போனது அப்போதுதான்.

விமானத்தில் கெத்துப்பாட் சரத்தை, சொன்னபடியே, தலைக்கு மேலே சாமான் வைக்கும் வலையில் தொங்கவிட்டேன். பணிப்பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, அலங்காரப் பொருளா என்று கேட்டாள். சாப்பாடு என்றேன். பக்கத்து சீட்டில் ஒரு துரை. செய்தித்தாளைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

பாங்காக் வரைக்கும் செல்வி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. பணிப்பெண் நல்லவள், அவளும் ஒரு டின் மசியல் கொண்டுவந்தாள். அதையும் தொடவில்லை. நான் டிபன் மூடியில் ஸ்பூனால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். எஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. குழந்தை துவண்டு என் தோளில் சாய்ந்தது. அக்காவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. இனி என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது என்று எழுந்து நின்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டுக் கம்பியில் ஸ்பூனால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஜாலான்!"

விமானமே திரும்பிப் பார்த்தது. செல்வி வாயைத் திறந்தாள்.

ஊட்டினேன். மறுபடி தட்டினேன், மறுபடி கத்தினேன். பணிப்பெண் ஓடி வந்து, நான் ஊட்டுவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துத் துரை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மேடம், இதை எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். என் இங்கிலீஷ் அப்போது அரைகுறை. ஆனால் சொல்ல வேண்டியது எனக்கு ஏற்கெனவே தெரியும். "டைம் இஸ் டைம், சார்" என்றேன். சொன்ன குரல் என்னுடையது மாதிரியே இல்லை. கராச்சி தாண்டியதும் அந்தத் துரையே தன் கிளாஸில் ஸ்பூனால் தட்ட ஆரம்பித்தார். நான் அசந்து தூங்கிவிட்டால் எழுப்பி, குழந்தைக்கு நேரமாகிவிட்டது என்பார். கெத்துப்பாட்டில் அவருக்கும் ஒன்று கொடுத்தேன். அக்காவின் மாவை லண்டனுக்குச் சற்று முன்னால் கரைத்துக் கொடுத்தேன், சொன்ன மாதிரியே மற்றதெல்லாம் தீர்ந்திருந்தது.

இரண்டு வருஷம் என்று போனது நீண்டுவிட்டது. லண்டன் வீட்டிலும் செல்வி நாலு வயது வரை தட்டில் டிங் டிங் தட்டினால்தான் சாப்பிடுவாள். பள்ளிக்கூடம் போனதும் அது நின்றது. பிறகு எங்களுக்கே மறந்துபோயிற்று.

ஊருக்குத் திரும்பியபோது அவளுக்கு ஆறு வயது. பேச்செல்லாம் இங்கிலீஷ். வந்த மறுநாள் காலையில் அக்காவோடு காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். தம்பின் பஸ் வந்தது. படியில் ஜாலான் மாமா. தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் இறங்கினார். செல்வியின் முன்னால் குனிந்தார்.

"என்னா கண்ணு, பசியாறியாச்சா?"

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. என் பின்னால் ஒளிந்துகொண்டாள். தமிழ் இன்னும் சரியாக வரவில்லை மாமா என்றேன். அவர் தலையை ஆட்டினார். முகம் வாடியதை மறைக்கத் தெரியவில்லை அவருக்கு. கடிகாரத்தைப் பார்த்தார். படியில் ஏறினார். வழக்கம்போல இடுக்கியால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

செல்வி என் பின்னாலிருந்து வெளியே வந்து, அவரைப் பார்த்து ஆவென்று வாயைத் திறந்தாள்.

ஏன் திறந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் மூடவும் இல்லை. மாமாவுக்கு ஜாலான் என்று கத்தவே மறந்துபோயிற்று. பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கம்பியில் ஓங்கி ஒரு தட்டு. பஸ் நின்றது. குதித்து இறங்கி சட்டைப் பைகளைத் துழாவினார். சில்லறையும் கிழிந்த டிக்கெட்டும்தான் இருந்தன. ஆகாயம் முழுக்கச் சாப்பாட்டுக்குத் திட்டம் போட்ட மனிதரிடம் அன்று ஊட்ட ஒன்றுமே இல்லை.

"வாய மூடாத கண்ணு, இந்தா வந்துட்டேன்" என்று எதிர்க் கடைக்கு ஓடினார். சுடச்சுட ஒரு வாழைப்பழப் பலகாரம் வாங்கி வந்து, பிய்த்து, ஊதி ஊதி ஊட்டினார். பஸ்ஸுக்குள்ளிருந்து டைமாச்சு, டைமாச்சு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாக் மாட் ஹாரனை அடித்தார். மாமா திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"நிக்கட்டும்."

பாக் மாட் எஞ்சினையே அணைத்துவிட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வி கடைசித் துண்டையும் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் ஜாலான் மாமா இடுக்கியைக் கையில் எடுத்தார்.